ஐந்தாவது நிபந்தனை

மருத்துவப் பணியின் நடுவே எழும் அறக்கேள்விகளைத் தத்துவம், சட்டம், சமூகவியல், சமயம் ஆகியவற்றின் துணையோடு முறையாக ஆராயும் துறை உயிர்நெறியியல் எனப்படுகிறது. தீராத நோயை நோயாளியிடம் சொல்வதா மறைப்பதா, ஒரே ஒரு செயற்கைச் சுவாசக் கருவி இருக்கும் விடுதியில் அதை யாருக்குப் பொருத்துவது, ஆராய்ச்சிக்கென ஏழை மனிதரின் இரத்தத்தை எடுக்கும்போது அவருக்கு எதைச் சொல்லியாக வேண்டும் என்பன போன்ற கேள்விகள் வைத்தியம் தோன்றிய காலந்தொட்டே இருந்துவருகின்றன. எனினும், அவற்றுக்கெனப் பல்கலைக்கழகத்தில் தனியிடம் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். நாட்சி வைத்தியர்கள் சிறைமுகாம்களில் நடத்திய பரிசோதனைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல் வகுத்த நூரம்பேர்க் நெறிக்கோவையும், உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனமும், அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்க்குரிய சிகிச்சையை மறைத்துவைத்து நோயின் போக்கை மட்டும் அவதானித்த ஆய்வு அம்பலமான பின் 1979இல் வந்த பெல்மன்ட் அறிக்கையும் இத்துறையின் அடித்தளங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அவ்வடித்தளம் ஒவ்வொன்றின் கீழும் யாரோ சிலருக்கு இழைக்கப்பட்ட கொடுமை கிடக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் மறைப்பதில்லை.

இத்துறையைத் தொழில் செய்துகொண்டே கற்பவர்களுக்கான பட்டப்பின் படிப்பு, முழுநேர மாணவருக்கான படிப்பிலிருந்து இயல்பிலேயே வேறுபட்டது. தெற்காசியாவில் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, கராச்சியில் இலவச சிறுநீரக சிகிச்சைக்குப் பெயர்பெற்ற சிந்து சிறுநீரகவியல், உறுப்புமாற்று நிறுவனத்தின் கீழ் 2004இல் நிறுவப்பட்ட உயிர்மருத்துவ நெறியியல், பண்பாட்டு நிலையமாகும். அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்து பின்னர் நெறியியலுக்கு வந்த ஃபர்ஹத் முஅஸ்ஸம் அதன் நிறுவுநர். அங்கு 2006இல் தொடங்கிய டிப்ளோமாவும் பின்னர் வந்த முதுமாணிப் பட்டமும் பணியிலிருக்கும் வைத்தியர், தாதியர், ஆய்வாளர்களை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. சில வாரங்கள் நேரில் தங்கி அடர்த்தியாகக் கற்பது, பிறகு பணியிடத்துக்குத் திரும்பி அங்கிருந்தபடியே வாசிப்பையும் எழுத்துப் பயிற்சியையும் தொடர்வது என்பதே அவற்றின் அமைப்பு. மங்களூரில் யெனெப்போயா பல்கலைக்கழகமும் இவ்வகை டிப்ளோமாவை நடத்திவந்திருக்கிறது. இவ்வமைப்பின் பயன் நேரச் சிக்கனத்தில் மட்டும் இல்லை. முழுநேர மாணவர் பாடநூலிலிருந்து வழக்கை எடுக்கிறார். பணியிலிருப்பவரோ நேற்றைய இரவுக் கடமையிலிருந்து எடுத்து வருகிறார், அதில் சம்பந்தப்பட்டவர்களை நாளைக் காலையிலும் அவர் சந்தித்தாக வேண்டும்.

இந்நினைவுகளை எழுதுபவர், அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்று தொலைக்கல்வியாக நடத்திய இத்தகைய பாடநெறியொன்றில் 2021இல் சேர்ந்தார். அப்போது அவர் மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதியில் சுகாதாரத் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே, ஆறும் கடலேரியும் கலக்கும் நீர்ப்பரப்பின் இரு கரைகளையும் பாலம் இணைக்கும் இடத்தில் ஓட்டமாவடி இருக்கிறது. நிருவாகப் பெயர் கோறளைப்பற்று மேற்கு, பெரும்பாலார் முஸ்லிம்கள், கூப்பிடு தொலைவில் தமிழ்க் கிராமங்கள். போர்க்காலத்தில் இரு சமூகங்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த ஆண்டுகளும், அதே சந்தையில் மீனும் நெல்லும் மாற்றிக்கொண்ட ஆண்டுகளும் இங்கு கலந்தே கிடக்கின்றன. நெறியியல் கற்பதற்கு உகந்த ஊர் எது என்று யாரும் பட்டியலிட்டதில்லை. இட்டிருந்தால் அதில் ஓட்டமாவடி இடம்பெற்றிருக்காது. ஆனால் 2021 மார்ச் 5ஆம் திகதிக்குப் பின்னர், இலங்கையின் மருத்துவ நெறியியல் பற்றிப் பேசுவோர் எவரும் அவ்வூரைத் தவிர்த்துப் பேச முடியாத நிலை உண்டாயிற்று.

அதற்குக் காரணமான நிகழ்வுகளின் வரிசையைச் சுருக்கமாக நினைவுகூர வேண்டும். கொவிட்-19 நோயால் இலங்கையில் முதல் மரணம் 2020 மார்ச் 28ஆம் திகதி நிகழ்ந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர், மார்ச் 24ஆம் திகதி, உலக சுகாதார ஸ்தாபனம் இறந்தோர் உடலைக் கையாள்வது பற்றிய இடைக்கால வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. தொற்றுநோயால் இறந்தவரை எரித்தேயாக வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை என்றும், எரிப்பதும் புதைப்பதும் பண்பாட்டையும் வசதியையும் பொறுத்த தெரிவே என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும், மார்ச் மாத இறுதியில் முதலாவது முஸ்லிம் மரணம் நிகழ்ந்தபோது உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடைகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கொவிட்-19 நோயால் இறந்தவர் அனைவரையும் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்பது கூறப்பட்ட நியாயம்.

இஸ்லாமிய மரபில் இறந்தவருக்கு உயிரோடிருப்பவர்கள் ஆற்றவேண்டிய கடமைகள் நான்கு: உடலைக் குளிப்பாட்டுதல், கஃபன் என்னும் வெள்ளைத் துணியால் பொதிதல், ஜனாஸாத் தொழுகை நடத்துதல், மண்ணில் அடக்குதல். இவை ஊரார் அனைவர் மீதும் கூட்டாகச் சுமத்தப்பட்ட கடமைகள். ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் விடுவிக்கப்படுகின்றனர், ஒருவரும் நிறைவேற்றாவிடில் ஊரே குற்றவாளியாகிறது. தொற்றுக்காலத்தில் முதலிரண்டையும் விட்டுக்கொடுக்க மார்க்க அறிஞர்கள் பெரிதும் தயங்கவில்லை, ஏனெனில் நிர்ப்பந்த நிலை விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்னும் விதி இஸ்லாமியச் சட்டவியலில் நெடுங்காலமாக வேரூன்றியது. அடக்குதலை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே அவர்களின் நிலைப்பாடாக இருந்தது. இவ்வேறுபாட்டைக் கவனித்திருந்தால், சமயம் ஒருபுறம் அறிவியல் மறுபுறம் என்ற எளிய பிரிப்பை எவரும் அவ்வளவு விரைவாகச் செய்திருக்கமாட்டார்கள்.

பாடநெறியின் முதற்பகுதியில் கற்பிக்கப்பட்டவை, பீச்சம், சில்ட்ரெஸ் ஆகிய இருவரும் 1979இல் எழுதிய நூலின் வழியாக உலகெங்கும் பரவிய நான்கு கோட்பாடுகள்: நோயாளியின் தன்னாட்சியை மதித்தல், அவருக்கு நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், பங்கீட்டில் நீதி காத்தல். வைத்திய விடுதியின் கட்டிலோரத்தில் நிற்பவருக்கு இவை கைகொடுக்கும். ஆயினும் மட்டக்களப்புப் பகுதியில் அவை அப்படியே பொருந்துவதில்லை. புற்றுநோய் என்று உறுதியான முதியவரின் பிள்ளைகள் அறைக்கு வெளியே வைத்தியரைத் தடுத்து, "வாப்பாக்குச் சொல்லிராதீங்க டொக்டர்" என்று கேட்பதும், அந்த வாப்பாவோ உள்ளே எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல் படுத்திருப்பதும் இங்கு வழக்கம். தன்னாட்சி என்பது தனியொருவர் தமக்குத் தாமே முடிவெடுப்பது என்று பொருள் கொண்டால், இக்குடும்பம் விதியை மீறுகிறது. மனிதர் தம் உறவுகளுக்குள் நின்றே முடிவெடுக்கிறார் என்று பெண்ணியச் சிந்தனையாளர்கள் முன்வைத்த உறவுசார் தன்னாட்சி என்ற கருத்தைக் கொண்டு நோக்கினால், கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது: தாம் அறிய விரும்புவது எவ்வளவு என்பதை அந்த முதியவரிடம் யாரேனும் கேட்டார்களா? இவ்வகுப்புகளில் வேலூரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இணைந்திருந்த சக மாணவர்களும் ஏறக்குறைய இதே காட்சியை வெவ்வேறு முறைப்பெயர்களோடு விவரித்தனர். சிங்களத்தில் மட்டும் அச்சிடப்பட்ட சம்மதப் படிவத்தில் தமிழ் மட்டும் தெரிந்த தாயின் பெருவிரல் அடையாளத்தைப் பெற்ற கதையைச் சொன்னவரும் உண்டு. அது எந்த வைத்தியசாலை என்பது இங்கு தேவையில்லை, பலருக்கும் தெரிந்த கதைதான்.

ஆனால் கட்டாய எரிப்பை இந்நான்கு கோட்பாடுகளால் அளக்க முற்பட்டபோது அவை போதாதவையாக நின்றன. இறந்தவருக்குத் தன்னாட்சி உண்டா? உயிரற்ற உடலுக்குத் தீங்கு என்பது யாது? இவற்றுக்கு விடை தேடித் தத்துவ நூல்களுக்குள் சென்றால் வாரக்கணக்கில் வெளியே வர முடியாது. இந்நினைவுகளுக்குரியவர் சென்றார், பெரிய பயனில்லாமல் திரும்பினார். தனி நோயாளிக்கும் தனி வைத்தியருக்கும் இடையிலான உறவைக் கருதி உருவான கோட்பாடுகள், அரசு முழு மக்கள்தொகையையும் நோக்கி இடும் கட்டளையை எடைபோடப் போதா என்பதே அங்கு கிடைத்த பாடம்.

உதவியது அடுத்த பகுதி. பொதுச் சுகாதார நெறியியல் எனப்படும் இக்கிளை, நான்கு கோட்பாடுகளை வகுத்த அதே சில்ட்ரெஸ் வேறு சில அறிஞர்களுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் தெளிவான வடிவம் பெற்றது. மக்களின் நலனுக்காக ஓர் அரசு தனிமனிதரின் உரிமையையோ சமய நம்பிக்கையையோ மீறும்போது ஐந்து நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று அக்கட்டுரை வாதிட்டது. அந்நடவடிக்கை உண்மையில் பயன் தரவேண்டும். கிடைக்கும் நன்மை மீறலின் அளவுக்கு ஈடாக இருக்கவேண்டும். வேறு வழியில்லாத நிலை வேண்டும். உள்ள வழிகளில் மிகக் குறைவாக மீறுவதைத் தெரிவுசெய்ய வேண்டும். இவை அனைத்துக்குமான காரணங்களைப் பாதிக்கப்படுவோருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1984இல் சிரக்கூசாவில் கூடிய சட்டவறிஞர்கள் மனித உரிமைகளுக்கு வரையறை விதிப்பது பற்றி வகுத்த கோட்பாடுகளும் பெரும்பாலும் இதே திசையில் செல்பவை.

வகுப்பில் இவ்வைந்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோது, முதல் நிபந்தனையிலேயே கட்டளை தடுமாறியது. வைரசு உயிருள்ள உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகக்கூடியது. உயிர் பிரிந்த உடலில் அது பெருகுவதில்லை. கொழுப்புறையால் மூடப்பட்ட சுவாச வைரசுகள் உடலுக்கு வெளியே நெடுநாள் நிலைப்பதுமில்லை. கொலரா, வயிற்றோட்டம் போன்ற நீர்வழி நோய்களை நன்கறிந்த கரையோர மக்களுக்குக் கிணற்று நீரைப் பற்றிய அச்சம் புதிதன்று. மணற்பாங்கான நிலத்தில் மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் விடவேண்டிய தூரத்தை ஊரூராகச் சென்று சொல்லிக்கொடுப்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்தாம். ஆகவே அவர்களுக்குள்ளேயே ஒரு கேள்வி அப்போதே புழங்கியது: தொற்றோடு உயிருடன் சிகிச்சை பெறும் நூற்றுக்கணக்கானோரின் கழிவு மண்ணுக்குள் செல்வது ஆபத்தில்லையென்றால், ஆறடி ஆழத்தில் பொதிந்து வைக்கப்பட்ட ஒருவரின் உடல் மட்டும் எவ்வாறு ஆபத்தாகும்? 2003இல் சார்ஸ் வைரசை இனங்காண்பதில் பங்காற்றிய, ஹொங்கொங்கில் பணிபுரிந்துவந்த இலங்கை வைரசியலாளர் மலிக் பீரிஸ், இது நீர்வழி பரவும் நோயன்று என்பதை வெளிப்படையாகவே சொன்னார். 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சு நியமித்த ஒரு நிபுணர் குழு, உரிய பாதுகாப்போடு புதைக்கவும் எரிக்கவும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே கருத்தை வெளியிட்டன. கட்டளையோ 2021 பெப்ரவரி 25 வரை மாறவில்லை.

பயன் என்ற நிபந்தனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பாடநூலைவிடத் தெளிவாகக் களப்பணியாளர்கள் அறிந்திருந்தனர். இறந்தால் எரித்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவிய குடும்பங்களில், காய்ச்சல் கண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தயங்கினார்கள். தொற்றைக் கட்டுப்படுத்துவதற்கு முதலில் வேண்டியது நோயாளி தாமாக முன்வருவது. அதைத் தடுக்கும் கட்டளை, நீர் மாசடைதல் பற்றிய வாதம் சரியாக இருந்திருந்தாலுங்கூட, தன் நோக்கத்தையே வெட்டிக்கொண்டது. மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவிய 2014இல் இதே தவறு நடந்து திருத்தவும் பட்டது. எபோலாவில் இறந்தவரின் உடலே பெருந்தொற்று மூலம் என்பதால் அங்கு அச்சத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. அவ்வாறிருந்தும், உடலைப் பிடுங்கிச் சென்று எரிக்கும்போதும் அடையாளமின்றிப் புதைக்கும்போதும் மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தனர். அதனால் 2014 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் பாதுகாப்பும் கண்ணியமும் கொண்ட அடக்கம் என்ற புதிய நெறிமுறையை முஸ்லிம், கிறிஸ்தவ சமயத் தலைவர்களைக் கலந்தே வெளியிட்டது. கொவிட் காலத்தில் இலங்கை எடுத்தாளக்கூடிய முன்னுதாரணம் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கையெட்டும் தூரத்தில் இருந்தது.

மற்ற மூன்று நிபந்தனைகளைப் பற்றி நீட்டுவதற்கில்லை. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் புதைக்க அனுமதித்திருந்த வேளையில் வேறு வழியில்லை என்றோ இதுவே குறைந்த மீறல் என்றோ வாதிடுவது கடினம். ஐந்தாவதுதான் விரிவாகப் பேசத்தக்கது. ஓட்டமாவடியில் எவருக்கும் இக்கட்டளை தவறென்று அறிய முதுமாணிப் பட்டம் தேவைப்படவில்லை. மீன் விற்பவருக்கும் தெரியும், மத்ரஸா மாணவருக்கும் தெரியும். அவர்களிடம் இல்லாததும் அதிகாரத்திலிருந்தவர்கள் தராததும் ஒன்றே: காரணம். உயர் நீதிமன்றத்தில் தாக்கலான அடிப்படை உரிமை மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி பெரும்பான்மை முடிவால் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாயின. அதற்கும் காரணம் வழங்கப்படவில்லை. சில நாள்களின் பின் கொழும்பில், பிறந்து இருபது நாள்களே ஆன ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதை எதிர்த்து, அந்நகரின் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் கட்டினார்கள். காரணம் கேட்கும் உரிமை பறிபோனபோது மக்கள் கண்டெடுத்த மொழி அது என்று ஒரு கருத்தரங்கில் சொல்லப்பட்டது; சற்று அலங்காரமான கூற்றுத்தான், எனினும் பிழையன்று.

பணியிலிருந்தவர்களின் நிலையை விளக்க இத்துறையில் ஒரு கருத்து இருக்கிறது. சரியானது எதுவென்று தெரிந்தும் நிறுவனத்தின் கட்டுப்பாடு அதைச் செய்யவிடாதபோது ஒருவர் அனுபவிக்கும் உள்ளத் துன்பத்தை அறநெருக்கடி என்று, தாதியர் பணியை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஜேம்ற்றன் 1984இல் விவரித்தார். எது சரி என்று தெரியாமல் தடுமாறுவது அறக்குழப்பம். தெரிந்தும் கட்டுண்டு நிற்பது அறநெருக்கடி. 2020இன் இறுதி மாதங்களில் பிணவறைக் கதவருகே நின்று, உறவினர் கையொப்பமிட மறுத்த படிவத்தைக் கையில் வைத்திருந்த ஊழியருக்கு நேர்ந்தது இரண்டாவது. பலர் அதைப் பற்றி வீட்டிலும் பேசவில்லை. முஸ்லிம் ஊழியர்களுக்கு ஒருவகையிலும், தம் அயலாரின் துயரைக் கண்ட தமிழ், சிங்கள ஊழியர்களுக்கு வேறொரு வகையிலும் அது பாரமாக இருந்தது. கற்கைநெறியில் அதற்கொரு பெயர் கிடைத்ததால் பாரம் குறைந்துவிட்டது என்று சொல்வது மிகை. ஆனால் தனிப்பட்ட பலவீனம் என்று எண்ணிய ஒன்று தொழிலின் அமைப்பிலிருந்து எழுவது என்று அறிவது, அதைக் கூட்டத்தில் எழுந்து பேசவாவது இடந்தந்தது.

கட்டளை தளர்ந்த பின்னர் வந்த வாரத்திலிருந்தே ஓட்டமாவடியின் பங்கு தொடங்குகிறது. 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில், அடக்கத்துக்குரிய இடமாகக் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு அறிவிக்கப்பட்டது. இரணைதீவு மக்கள் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள்; 1992இல் இடம்பெயர்ந்து, தீவில் கடற்படை நிலைகொண்டிருந்த நிலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் திரும்ப முடியாமல், 2018இல்தான் சொந்த மண்ணில் மீண்டும் கால்வைத்தவர்கள். அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். உடல்களால் நோய் பரவும் என்று ஒரு வருடமாக அரசே சொல்லிக்கொடுத்த பிறகு, அவ்வுடல்களைத் தங்கள் தீவில் புதைக்கவேண்டும் என்று கேட்கப்பட்டவர்களின் அச்சத்தை யார் குறைகூற முடியும்? சுமை தாங்கும் இடமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் எப்போதும் ஏற்கெனவே சுமந்தவர்களாகவே இருப்பது எப்படி என்ற கேள்வியை நீதி பற்றிய பாடத்தில் இந்நினைவுகளின் ஆசிரியர் எழுப்பியபோது, பிற நாட்டு மாணவர்கள் தத்தம் ஊரின் குப்பைமேடுகளையும் அணைக்கட்டுகளையும் நினைவுகூர்ந்தனர்.

அதன் பின்னரே ஓட்டமாவடிப் பிரதேசத்தின் சூடுபத்தினசேனை, மஜ்மா நகர் தெரிவாயிற்று. மார்ச் 5ஆம் திகதி, ஏறாவூரையும் காத்தான்குடியையும் சேர்ந்தோரின் ஜனாஸாக்கள், அதாவது உடல்கள், முதலாவதாக அங்கு அடக்கப்பட்டன. இரணைதீவில் நிகழாத ஒன்று இங்கு நிகழ்ந்தது: ஊரார் ஏற்றுக்கொண்டனர், சிலர் தம் காணிகளை விட்டுக்கொடுத்தனர், இளைஞர்கள் குழி வெட்டவும் இறக்கவும் முன்வந்தனர். கூட்டுக்கடமை என்னும் மார்க்கக் கருத்து இதில் செயல்பட்டது உறுதி. நாட்டின் எந்த மூலையில் இறந்த முஸ்லிமாயினும் அவரை அடக்கும் கடமை இங்குள்ளவர்மீது வந்து விழுந்ததாக அவர்கள் கருதினார்கள். ஆனால் முஸ்லிம்கள் மட்டும் அங்கு அடக்கப்படவில்லை. எரிப்பை விரும்பாத பௌத்த, இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களும் தம்மவரை அங்கு கொண்டுவந்தன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் நாடெங்கும் வழக்கமான மயானங்களில் அடக்க அனுமதி கிடைக்கும் வரை 3,600க்கும் மேற்பட்டோர் மையவாடி எனப்படும் அந்த ஒரே அடக்கத்தலத்தில் அடக்கப்பட்டனர்.

இதை அறத்தின் வெற்றி என்று முடித்துவிடுவது எளிது. பாடநெறியில் சமர்ப்பித்த ஆய்வேட்டின் மிகவும் சங்கடமான பகுதி அவ்வாறு முடிக்க மறுத்த பகுதிதான். கொழும்பில் இறந்தவரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரம் இராணுவ மேற்பார்வையில் கொண்டுவந்து அடக்குவது, அவர் வீட்டிலிருந்து சில நூறு யார் தொலைவிலுள்ள மையவாடியில் அடக்குவதைவிட எவ்வகையில் பாதுகாப்பானது என்று விளக்கப்படவேயில்லை. மிகச் சில உறவினருக்கே அனுமதி. இலக்கமிட்ட கல்லொன்றே கப்று என்னும் புதைகுழிக்கு அடையாளம். பின்னாளில் தேடிவந்த தாயருக்கும் மனைவியருக்கும் அவ்விலக்கமே முகவரி. எரிப்பு நீங்கியதால் ஏற்பட்ட ஆறுதலில், மிகக் குறைந்த மீறல் என்ற நான்காவது நிபந்தனை ஓராண்டு காலம் தொடர்ந்து மீறப்பட்டதை நாட்டில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஈடு என்ன என்ற கேள்வியும் அவ்வாறே பின்னுக்குத் தள்ளப்பட்டது. தாராள மனத்தோடு கொடுத்தவர்களிடம் கொடுப்பதற்கு முன்னர் முறைப்படி கேட்கப்பட்டதா என்று வினவுவது, அவர்களின் தாராளத்தைக் குறைப்பதாகாது.

படிப்பு நடந்த சூழலும் சொல்லத்தக்கது, ஏனெனில் தொழில்புரிவோருக்கான படிப்பு என்பது பெரும்பாலும் சூழலோடு நடக்கும் மல்யுத்தம். 2022 மார்ச் மாத இறுதியில் பொருளாதார நெருக்கடியால் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. இணையவழிக் கருத்தரங்கு இரவு எட்டு மணிக்கென்றால், கைத்தொலைபேசியின் மின்னூட்டத்தைக் காலையிலிருந்தே சேமித்து வைக்கவேண்டும். பெற்றோல் வரிசையில் நின்றபடி சிரக்கூசாக் கோட்பாடுகளை வாசித்தவர்கள் இருந்தனர். மருந்துகள் தீர்ந்துபோன அம்மாதங்களில், பங்கீட்டு நீதி பற்றிய அலகு கால அட்டவணைப்படி வந்து சேர்ந்தது ஒரு தற்செயல். எந்த அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைப்பது, மயக்க மருந்தை யாருக்குச் சேமிப்பது என்ற கேள்விகளோடு வைத்தியசாலையிலிருந்து நேரடியாக வகுப்புக்கு வந்தவர்களுக்கு அவ்வலகில் எடுத்துக்காட்டுகள் தேவைப்படவில்லை.

இறுதி வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, ஆய்வேட்டின் வாதத்தையே சோதிப்பதாக இருந்தது. 2020 ஏப்ரலில் அறிவியல் உண்மையிலேயே நிச்சயமற்றிருந்ததல்லவா, அப்போது முன்னெச்சரிக்கையாக எரிப்பதைத் தவறென எவ்வாறு சொல்வீர்கள் என்று தேர்வாளர் கேட்டார். நேர்மையான பதில், முதற்சில வாரங்களுக்கு அந்த வாதத்தில் ஓரளவு வலு இருந்தது என்பதே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி அதற்கு எதிராக இருந்தபோதிலும், புதிய நோய் பரவும் நாடொன்று கூடுதல் அச்சம் கொள்வதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் முன்னெச்சரிக்கை என்பது முடிவு திகதி உள்ள கட்டளையாக இருக்கவேண்டும். எப்போது மீண்டும் பரிசீலிக்கப்படும், எந்தச் சான்று வந்தால் மாற்றப்படும் என்று எழுதப்படாத முன்னெச்சரிக்கை, காலம் செல்லச் செல்லத் தண்டனையின் சாயலைப் பெறுகிறது. நிபுணர் குழு அனுமதிக்கலாம் என்று சொன்ன பின்னரும் கழிந்த இரண்டு மாதங்களுக்கு முன்னெச்சரிக்கை என்ற பெயர் பொருந்தாது.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை, கட்டாய எரிப்புக் கொள்கைக்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இறந்தவரை எரிப்பதா புதைப்பதா என்பதைக் குடும்பத்தார் தெரிவுசெய்ய வகைசெய்யும் சட்டமொன்றை உருவாக்கவும் உடன்பட்டது. பாதுகாப்பான அடக்கத்தால் வைரசு பரவவில்லை என்ற நீர் ஆய்வுகளின் முடிவு அத்தீர்மானத்தில் சுட்டப்பட்டது. காரணம் என்ற ஐந்தாவது நிபந்தனை நான்கு ஆண்டுகள் தாமதித்து, எதிர்த்திசையில் நிறைவேறியது என்று இதைக் கொள்ளலாம்.

அதற்கு முன்பே நிறைவுற்றிருந்த ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பரிந்துரை இருந்தது: நெருக்கடிக் காலச் சுகாதாரக் கட்டளை ஒவ்வொன்றும் அதற்கான சான்றையும், மறுபரிசீலனைக்குரிய திகதியையும், விளக்கம் கேட்க வேண்டிய அலுவலரின் பதவியையும் தாங்கியே களப்பணியாளர் கைக்கு வரவேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் அதன் ஓரத்தில், இவ்விளக்கத்தை ஓட்டமாவடியில் யார் வாசிப்பார் என்று குறித்திருந்தார். திருத்திய பிரதியில் மேலும் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது; அவ்விளக்கம் அப்பகுதி மக்களின் மொழியில், கட்டளை வெளியாகும் அதே நாளில் வெளியிடப்படவேண்டும் என்பது அது.